இன்னிக்கு யாரைத் தின்னப் போறே?

அந்த ஒரு வாரத்தில் மட்டும் கணக்கு வாத்தியார் நான்கு முறை தின்னப்பட்டார். காதில் ஆரம்பித்து, மூக்கைக் கடித்து, கடைசியில் கண் இரண்டையும் ஒரே வாயில் போட்டு மென்றார்கள். காது ஆப்பிள் துண்டு, மூக்கு காரட், கண் கருப்புத் திராட்சை. இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவதி நான்தான்.

பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அப்பா அம்மா வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் கண்ணாடித் தடுப்பு. இருபத்துமூன்று பிள்ளைகள். நான் சமையல்காரி. எந்நேரமும் எதையாவது நறுக்கிக்கொண்டே இருப்பதால் ‘வெட்டு அத்தை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாடம் எழுதவைக்க, விளையாட்டுக் காட்ட ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் குட்டி டீச்சர். இடத்தின் சொந்தக்காரி பெரிய மேடம் மாதத்துக்கு ஒருமுறை வந்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போவார்.

பசியோடு வரும் பிள்ளைகளுக்கு எண்ணெயில் பொரித்ததையும் பாக்கெட்டில் அடைத்ததையும் கொடுக்கக் கூடாது என்பது பெற்றோர் போட்ட கட்டளை. சரி என்று காயும் பழமும் நறுக்கி வைத்தால், நான் என்னவோ விஷம் வைத்தமாதிரி பார்த்தார்கள். வெள்ளரிக்காயை மேஜைக்கு அடியில் ஒளித்தார்கள். எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். ஒருநாள் ஒரு பையன், எவனோ தள்ளிவிட்டான் என்று அழுதுகொண்டே வந்தான். ஒரு தட்டில் நாலு துண்டு பழத்தை வைத்து முகம் செய்து அவன் முன்னால் போட்டேன்.

“இந்தா, அவன் மூஞ்சி. ஒரு துண்டு விடாம கடிச்சுத் தின்னு. தீந்துபோகும்.”

தின்றான். தீர்ந்தும் போனது. மறுநாள் எல்லோரும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அதிலிருந்து அதுதான் வழக்கம். யார்மேல் கோபமோ அவர்கள் முகத்தைத் தட்டில் செய்ய வேண்டும், மிச்சம் வைக்காமல் தின்ன வேண்டும், தின்றபின் “தின்னாச்சு, தீந்துபோச்சு!” என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதோடு அந்தக் கோபத்தை மறந்துவிட வேண்டும். “இன்னிக்கு யாரைத் தின்னப் போறே?” என்று கேட்டபடியே நான் தட்டை நீட்டுவேன். அண்ணன், அக்கா, பேருந்து ஓட்டுநர், பல் டாக்டர் என்று ஒருவர் பாக்கியில்லை. நானே எத்தனையோ முறை வயிற்றுக்குள் போயிருக்கிறேன்.

தினமும் தட்டுகளைப் படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் என் வேலை. தங்கள் பிள்ளை பச்சைக்காய் தின்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்களாம். படத்தின் கீழே நான் இரண்டு வரி நக்கலாக எழுதுவேன். ஆபீசில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பதாகச் சொல்வார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

இந்த விளையாட்டில் சேராத ஒரே பிள்ளை எலி. ஆறரை வயது. எதைக் கொடுத்தாலும் முன்பல்லால் ஓரத்தைக் கொறித்துவிட்டு வைத்துவிடும். அதனால் எலி. ‘யாரைத் தின்னப் போறே’ என்றால் தலையை ஆட்டும். யார்மேலும் கோபம் இல்லையாம். இப்படியும் ஒரு தங்கமான பிள்ளையா என்று நான் மெச்சிக்கொண்டேன்.

அவளுடைய அப்பாதான் எங்களுக்குப் பழம் கொண்டுவருபவர். மொத்த மண்டியிலிருந்து திங்களும் வியாழனும் வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். சிரித்தால் மேல்வரிசையில் ஒரு தங்கப்பல் தெரியும். “கனிஞ்சது கொஞ்சம் இருக்கு, சும்மா வெச்சுக்கோங்கக்கா, பிள்ளைங்களுக்கு ஐஸ்கிரீம் பண்ணுங்க” என்று வாழைப்பழச் சீப்புகளைத் தனியாக எடுத்துக் கொடுப்பார். நான் தோலை உரித்து, பையில் கட்டி, உறைபெட்டியில் போட்டுவைப்பேன். உறைந்ததை அரைத்தால் சர்க்கரையே வேண்டாம், அப்படி ஒரு ஐஸ்கிரீம். “வாயில விரலை வெச்சாக் கடிக்கத் தெரியாத மனுஷன்” என்று குட்டி டீச்சரிடம் நானே சொல்லியிருக்கிறேன். எலியின் அம்மா ஆறு மணிக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப்போவாள். கருப்புக் கண்ணாடி போட்டிருப்பாள். கண்ணுவலி என்பாள்.

எனக்கும் ஒருத்தன் வாய்த்திருந்தான். பதினோரு வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். எந்த வீக்கத்தை எந்தக் கண்ணாடி மறைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்படிப்பட்ட எனக்கே தெரியாமல் போனது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

அன்றைக்குப் புதன்கிழமை. எலி தானாக வந்து நின்றாள். “அத்தை, எனக்கு ரெண்டு தட்டு.”

அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷம்! இரண்டு தட்டும் கொடுத்தேன். முதல் தட்டில் பெரிய முகம். வாய் முழுக்கப் பல். காரட்டைக் குச்சிகுச்சியாக நறுக்கித் தரச்சொல்லி நெருக்கமாக அடுக்கினாள். நடுவில் ஒரே ஒரு மக்காச்சோள முத்து. மஞ்சளாக மின்னியது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். சாட்சாத் பழக்காரர்தான். இரண்டாவது தட்டில் சின்ன முகம், வாயே இல்லை. ஒரு கண்ணுக்குத் திராட்சை வைத்தாள். இன்னொரு திராட்சையைக் கட்டைவிரலால் அழுத்தி, சாறு வழிய நசுக்கி வைத்தாள்.

“ஏண்டி நசுக்குறே? நல்ல பழத்தை வீணாக்காதே.”

“அது அப்படித்தான் இருக்கும் அத்தை. அது அம்மா.”

நான் காதில் வாங்கினேனா? இல்லை. தட்டு துடைக்கும் அவசரம் எனக்கு. அவள் முதல் தட்டைக் கொறிக்கவில்லை, கடித்தாள். பல் பல்லாக எடுத்து நறுக் நறுக்கென்று கடித்து, அந்தச் சோள முத்தைக் கடைசியாக விழுங்கினாள். இரண்டாவது தட்டைத் தொடவில்லை. ஒரு முட்டைக்கோஸ் இலையைக் கேட்டு வாங்கி, முகத்தின்மேல் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

“தின்னாச்சு, தீந்துபோச்சு சொல்லுடி!” என்றேன்.

“தின்னாச்சு. ஆனா இன்னும் தீரலை அத்தை.”

இதைவிட நல்ல நக்கல் எங்கே கிடைக்கும்? தின்பதற்கு முன்பே எடுத்துவைத்திருந்த இரண்டு படங்களையும் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: ‘எலி இன்னிக்கு அப்பாவை ஒரு பல்லு விடாம தின்னுட்டா! இன்னும் ஆத்திரம் தீரலையாம். பழக்காரரே, ஜாக்கிரதை!’ அடுத்த நிமிஷமே சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. ‘தங்கப்பல்லு அப்படியே இருக்குய்யா’ என்று ஒரு அப்பா. ‘பக்கத்துல இருக்கிறது அம்மாவா? கண்ணு என்ன இப்படி நசுங்கியிருக்கு, யாரு குத்தினது?’ என்று ஒரு அம்மா, அதற்கும் மூன்று சிரிப்புப் பொம்மை. போனை ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டுத் தட்டு கழுவப்போனேன். அப்போது மணி நாலு இருபது.

ஐந்து பத்துக்குப் பழக்காரர் வந்தார். எலி என் பக்கத்தில் நின்று, நான் கழுவிய தட்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

“என்னக்கா, வேலை முடிஞ்சுதா? பாப்பாவைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்.”

புதன்கிழமை அவர் வரும் நாள் இல்லை. பிள்ளையை அழைக்க ஒருநாளும் வந்ததில்லை. இதெல்லாம் மண்டையில் உறைக்க வேண்டாமா? நான் மடச்சி, பல்லை இளித்தேன்.

“வாங்க, வாங்க! உங்களைத்தான் முழுசாத் தின்னு ஏப்பம் விட்டுட்டாளே!”

“பாத்தேன்க்கா. எல்லாரும் பாத்தாங்க” என்று சிரித்தார். தங்கப்பல் தெரிந்தது.

காலடியில் ஈரம் பட்டது. குழாய் ஒழுகுகிறது என்று குனிந்தேன். குழாய் இல்லை. எலி நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டிருந்தாள். கையில் தட்டு ஆடாமல் இருந்தது, முகம் பேயறைந்ததுபோல இருந்தது. நிமிர்ந்து அவர் சட்டையைப் பார்த்தேன். வலது கை மடிப்பில் சிவப்பு. தினமும் தக்காளியோடு மல்லாடுகிறவள் நான். அது தக்காளி இல்லை.

நசுங்கிய திராட்சை. கருப்புக் கண்ணாடி. கண்ணுவலி. எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தது. ஐயோ பாவி, பிள்ளை தட்டில் வைத்துக் காட்டியதை ஊருக்கே காட்டி, அவனுக்கும் காட்டிவிட்டேனே!

“பாப்பா இருக்கட்டும். அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போகட்டும்” என்றேன்.

“அம்மா வர மாட்டா. படுத்திருக்கா.”

 “குட்டி டீச்சர்! பிள்ளைங்களை விட்டு நகராதே! நடுக்கதவைப் பூட்டு! போலீசுக்குப் போன் அடி!” என்று கத்தினேன். எலியை ஃபிரிட்ஜுக்கும் தொட்டிக்கும் நடுவில் தள்ளிவிட்டு முன்னால் நின்றேன்.

“பொண்டாட்டி பிள்ளையை வழிக்குக் கொண்டுவர எனக்குத் தெரியும். அடியாத மாடு படியாது. நடுவுல நீ யாருடி?”

அக்கா போய் ‘டி’ வந்துவிட்டது. அதற்குள் கையும் வந்தது. கன்னத்தில் விழுந்த அறையில் மேஜை விளிம்பில் போய் மோதினேன். முன்பல் ஒன்று வாய்க்குள் உடைந்தது. எழுவதற்குள் முடியைப் பிடித்துத் தூக்கி, கழுவி அடுக்கியிருந்த தட்டுகள்மேல் என் முகத்தை இரண்டு தடவை இடித்தான். தட்டுகள் சரிந்து தரையெல்லாம் உருண்டன. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை வீறிட்டது, பிறகு எல்லாம் வீறிட்டன.

என்னைப் போட்டுவிட்டுக் கத்தி இழுப்பறையைப் பிடித்து இழுத்தான். திறக்கவில்லை. பிள்ளைகள் உள்ளே வருமுன் எல்லாக் கத்தியையும் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது என் சட்டம். அதன்பிறகு எது நறுக்க வேண்டுமானாலும் மழுங்கல் பிளாஸ்டிக் கத்திதான். அவன் பார்வை என் கழுத்துக்கு வந்தது. கயிற்றைப் பிடித்துச் சுருட்டினான். நைலான் கயிறு. தோலுக்குள் இறங்கியது. மூச்சு நின்றுபோனது. ‘அறுந்துடாதே, அறுந்துடாதே’ என்றுதான் வேண்டிக்கொண்டேன். சாவி அவன் கைக்குப் போவதைவிட என் கழுத்து போகலாம்.

முறுக்கும்போது அவன் கை என் வாயருகே வந்தது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று நான் சொன்ன ஆளின் விரல் இப்போது என் வாயில். எனக்குக் கடிக்கத் தெரியும். உடைந்த பல்லோடு கடித்தேன். எலும்பு தட்டுப்படும்வரை விடவில்லை.

அலறிக்கொண்டு கையை உருவினான். உடனே திரும்பி, எலியின் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. அழக்கூட இல்லை. முடியைப் பிடித்து இழுக்கும்போது எப்படி நடந்தால் வலி குறையும் என்று தெரிந்தவள்போல நுனிக்காலில் கூடவே நடந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள்ளே இருந்த ஏதோ ஒன்று கட்டறுத்துக்கொண்டது.

உறைபெட்டியைத் திறந்தேன். மூன்று கிலோ வாழைப்பழம், அவனே இனாமாகக் கொடுத்தது, கட்டிய பையில் கல்லாக உறைந்து கிடந்தது. பையின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து, துணி துவைப்பதுபோலத் தலைக்குமேல் தூக்கி அடித்தேன். முதல் அடி காதில். பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பினான். இரண்டாவது வாயில். ‘மளுக்’ என்றது. மூன்றாவது அடிக்கக் குறிவைத்தது தலையை, விழுந்தது முழங்காலில். பொத்தென்று உட்கார்ந்தான். பை கிழிந்து பழங்கள் தரையில் சிதறின.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நிறுத்தத் தோன்றவே இல்லை. இரும்புத் தட்டம் கையில் அகப்பட்டது. அவன் தலையை மூடிய கையின்மேல் அடித்தேன். அந்தக் கை விழுந்ததும் மற்றக் கையை அடித்தேன். “இன்னிக்கு யாரைத் தின்னப் போறே? சொல்லுடா! யாரைத் தின்னப் போறே?” என்று கத்திக் கத்தி அடித்தேன். என் வாயிலிருந்து வடிந்த ரத்தம் அவன் சட்டையில் சொட்டியது. அவனை மட்டும்தான் அடித்தேனா, பதினோரு வருஷத்தையும் சேர்த்து அடித்தேனா, தெரியாது.

“அத்தை. போதும்.”

எலிதான். அப்போதுதான் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தேன். குட்டி டீச்சர் கதவைப் பூட்டியிருந்தாள், திரையை இழுக்க மறந்திருந்தாள். கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அழவில்லை. தரையில், வாழைப்பழங்களுக்கு நடுவில், அந்தத் தங்கப்பல் கிடந்தது. சோள முத்து அளவுதான்.

போலீசுக்கு எலியின் வீட்டு முகவரி சொல்லப் போனை எடுத்தேன். எலியின் அம்மாவிடமிருந்து ஐந்து அழைப்புகள், எதையும் நான் எடுத்திருக்கவில்லை. கீழே இரண்டு செய்திகள். ‘அக்கா அந்தப் படத்தை அழிச்சிடுங்க ப்ளீஸ்.’ இது நாலு இருபத்தாறுக்கு. ‘அக்கா அவர் வீட்லதான் இருக்காரு.’ இது நாலு முப்பத்தொன்றுக்கு. குழுவில் இன்னமும் சிரிப்புப் பொம்மைகள் வந்துகொண்டிருந்தன.

வீட்டுக் குளியலறைக் கதவை உடைத்துப் போலீசார் அவளை எடுத்தார்கள். உயிர் இருந்தது. தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இடது கண் போய்விட்டது. எலி எந்தப் பக்கம் நசுக்கி வைத்தாளோ, அதே பக்கம்.

காவல் நிலையத்தில் என்னையும் உட்காரவைத்தார்கள். “தடுக்க அடிச்சது சரிம்மா. விழுந்தவனை அவ்வளவு நேரம் அடிக்கணுமா? அதுவும் பிள்ளைங்க முன்னாடி?” என்று அதிகாரி கேட்டார்.  கத்தி வெளியே இருந்திருந்தால் நான் இன்றைக்குக் கொலைகாரி. அவனுடைய அக்கா அங்கே வந்து, “கோவக்காரன்தான், ஆனா அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று மூக்கைச் சிந்தினாள். “அணைக்கட்டுமே. ரெண்டு கையும் கட்டுல இருக்கு, எலும்பு கூடட்டும், அப்புறம் நீங்களே ஜெயிலுக்குப் போய், உங்களை அணைச்சுக்கச் சொல்லுங்க உங்க தம்பிகிட்ட” என்றேன். அவளிடம் வாய் நீண்டது. ஆஸ்பத்திரியில் நீளவில்லை. தாடையைக் கம்பியால் கட்டிப் படுத்திருந்தவளுக்குப் பழத்தை மசித்து, வடிகட்டி, உறிஞ்சுகுழல் போட்டு எடுத்துப்போனேன். அவள் காகிதம் கேட்டு எழுதினாள்: ‘அழிச்சிட்டீங்களா?’

அழித்துவிட்டேன் என்று தலையாட்டினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கெட்டது என் கண்ணாக இருந்திருக்கக் கூடாதா?

பெரிய மேடம் என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றினேன் என்று பெற்றோர் பரிந்து பேசினார்களாம். அதைக் கேட்கவே எனக்குக் கூசியது. ஆனால் முகம் செய்வது நின்றது. குழுவும் நின்றது. பழத்தை நட்சத்திரமாகவும் படகாகவும் வெட்டிவைத்தேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் தின்றார்கள். சிலர் என் கையிலிருந்து வாங்காமல் மேஜையில் வைக்கச் சொன்னார்கள்.

ஆறு வாரம் கழித்து எலி வந்தாள். தாய்மாமன் கொண்டுவந்து விட்டார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். யார் கையிலும் பிடிபடாத நீளம். “அவளே கேட்டா, நாங்களும் வெட்டிவிட்டோம்” என்றார் மாமா.

நட்சத்திரத் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தேன். அவள் தின்னவில்லை. நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு ஒதுக்கினாள். எழுந்து வந்து, பாத்திரத்திலிருந்து இரண்டு திராட்சை, ஒரு தக்காளி வட்டம், கொஞ்சம் வெள்ளரித் துண்டு எடுத்துப்போனாள். மேஜையில் மற்ற பிள்ளைகள் மெல்வதை நிறுத்திவிட்டார்கள். குட்டி டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

இரண்டு முழுக் கண். தக்காளி வாய். வெள்ளரிப் பல் வரிசை. முன்னால் ஒரு பல்லை மட்டும் எடுத்து இடைவெளி விட்டாள். கழுத்தைச் சுற்றி ஒரு ஆப்பிள் தோலை மெல்லிசாக, கயிறுபோல வைத்தாள்.

என் நாக்கு தானாகவே உடைந்த பல்லின் இடத்துக்குப் போனது. என்மேல் என்ன கோபம் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

அவள் என் ஏப்ரன் பையைப் பார்த்தாள். “போட்டோ எடுக்காதீங்க.”

“மாட்டேன்டா தங்கம்.” இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒன்றுமில்லை என்று உறுதியானபின் அவள் குனிந்தாள். வாயில் ஆரம்பித்தாள். பற்களைக் கடித்தாள். கழுத்துக் கயிற்றைச் சுருட்டி வாயில் போட்டாள். கண்களைக் கடைசியாக, ஒவ்வொன்றாக, நசுக்காமல் எடுத்து மென்றாள். தட்டில் ஈரம் மட்டும்தான் மிச்சம். நான் அங்கேயே நின்று முழுவதையும் பார்த்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“தின்னாச்சு” என்றாள்.

மீதியைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் கழுவினாள், துணியால் துடைத்தாள், அடுக்கில் வைத்தாள்.